டொபேகோவில் பத்து நாள் சும்மா இருப்பது எப்படி? – பயணக் கேள்வி பதில்

கரீபியன் கடற்கரை விடுமுறை பற்றி வந்திருந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே இதழில் பதில் சொல்லிவிடலாம் என்று எடுத்து வைத்தேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம் வாசகி: அடுத்த வருடம் எங்களுக்குத் திருமண வெள்ளி விழா. நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து பத்து நாள் கரீபியன் போக ஆசை. எனக்குக் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். என் வீட்டுக்காரரோ ஜமைக்கா, பார்படாஸ், செயின்ட் லூசியா, கிரெனடா, ட்ரினிடாட் என்று ஐந்து தீவுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. அவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். ஜமைக்காவிலிருந்து பார்படாஸ் போவது சென்னையிலிருந்து டெல்லி போவதை விட அதிக தூரம். அவர் பட்டியலில் இருக்கும் ஐந்தும் ஐந்து பெயர்களில் ஐந்து நாடுகள், ஒவ்வொன்றிலும் குடியேற்ற வரிசை, சுங்கம், செயின்ட் லூசியாவும் கிரெனடாவும் தவிர மற்றவற்றில் வேறு வேறு பணம். தீவுக்குத் தீவு பறக்கும் விமானங்கள் குறைவு, கட்டணமும் தூரத்தோடு ஒப்பிட்டால் அநியாயம், ஒன்று தாமதமானால் அன்றைய பொழுது அப்படியே போயிற்று. பத்து நாளில் ஐந்து தீவு என்றால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் விமான நிலையத்தில் கொட்டாவி விடுவதிலும் கழியும். அதற்கு எதற்குக் கரீபியன்?

ஒரே தீவு போதும். என்னைக் கேட்டால் டொபேகோ. ட்ரினிடாட் அண்ட் டொபேகோ என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டதால் இரண்டாவது பெயரைப் பலரும் கவனிப்பதில்லை. எண்ணெய், எரிவாயு, ஆலை, நெரிசல், புகழ்பெற்ற கார்னிவல் எல்லாம் ட்ரினிடாட்டில். டொபேகோ அதன் வடகிழக்கில் இருக்கும் சின்னத் தம்பி, சுமார் 300 சதுர கிலோமீட்டர், நீளவாக்கில் 40 கிலோமீட்டர் சொச்சம். ட்ரினிடாட்காரர்களே கார்னிவல் ஆட்டம் முடிந்த களைப்பில் ஓய்வெடுக்க இங்கேதான் ஓடி வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கிலிருந்து ட்ரினிடாட்டில் இருக்கும் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் ஐந்து மணி நேரம். அங்கே அதே விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் மாறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் டொபேகோவின் கிரௌன் பாயின்ட். ஃபெர்ரியும் இருக்கிறது, மலிவுதான், ஆனால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போய்த் துறைமுகத்தில் ஏற வேண்டும், மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடல் கொந்தளித்தால் வயிறும் கொந்தளிக்கும். விமானமே எடுங்கள். கிரௌன் பாயின்டில் இறங்கியதும் ஒரு வேடிக்கை: விமான நிலைய வாசலிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே ஸ்டோர் பே கடற்கரைக்குப் போய்விடலாம். அவ்வளவு பக்கம்.

தங்குவதற்கு அந்தக் கிரௌன் பாயின்ட் பகுதியில்தான் ஹோட்டல், கடை, பாட்டு, வெளிச்சம் எல்லாம். முதல் இரண்டு மூன்று நாள் அங்கே இருங்கள், பயணக் களைப்பு தீரும். மீதி நாளுக்கு வடக்குக் கரையில் இருக்கும் காஸ்டாராவுக்குப் போய்விடுங்கள். மீன்பிடி கிராமம், அரை வட்டமாக ஒரு விரிகுடா, பின்னால் காடு மூடிய மலை, சரிவில் சமையலறையோடு கூடிய சின்னச் சின்ன வீடுகள் வாடகைக்கு. மேற்கு பார்த்த கரை என்பதால் பால்கனியில் காபியோடு உட்கார்ந்தபடியே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். கரையிலேயே ஒரு களிமண் அடுப்பு உண்டு, ஊர்ப் பெண்கள் விறகு மூட்டி அதில் ரொட்டி சுடுவார்கள், சூட்டோடு வாங்கினால் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி காலியாகிவிடும். நம் ஊர்க் கரைவலை மாதிரியே அங்கேயும் வலையை அரை வட்டமாகப் போட்டு இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். சும்மா நிற்பவர்களையும் கூப்பிடுவார்கள், கூச்சப்படாமல் உங்கள் கணவரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஐந்து தீவு ஆசை அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இழுத்தவருக்குக் கொஞ்சம் மீன் கிடைத்தாலும் கிடைக்கும்.

அப்படியும் அவருக்குக் கால் பரபரத்தால் ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு தீவின் மறுகோடியில் இருக்கும் ஷார்லட்வில் வரை போய் வாருங்கள். வழியில் இங்கிலீஷ்மேன்ஸ் பே, பார்லட்டுவியே, அப்புறம் மெயின் ரிட்ஜ் காடு. மழை வேண்டும் என்பதற்காக 1776இல் சட்டம் போட்டுக் காத்த காடு அது, கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆண்ட காலத்தில் இப்படி ஒரு சட்டம் வந்தது ஆச்சரியம்தான். வண்டி இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் நமக்குப் பழகிய பக்கம். மலைப்பாதை வளைவுகள் கொடைக்கானலை நினைவூட்டும், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: குழந்தைகளின் கோடை விடுமுறையில்தான் போக முடியும். ஏப்ரல், மே அங்கே எப்படி? புயல் பயம் உண்டா?

நல்ல மாதங்கள். ஜனவரி முதல் மே வரை அங்கே வறண்ட காலம், ஜூனில் மழை தொடங்கி டிசம்பர் வரை போகும், அதுவும் நாள் முழுக்கக் கொட்டுவதில்லை, அடித்துவிட்டு வெயில் வந்துவிடும். கரீபியனின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டொபேகோ தெற்கே ஒதுங்கி இருப்பதால் பெரும்பாலான புயல்கள் வடக்காகப் போய்விடுகின்றன. ஆனால் "அங்கே புயலே வராது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். 1963 செப்டம்பரில் ஃப்ளோரா புயல் டொபேகோவைப் புரட்டிப் போட்டது, தீவின் விவசாயமே அதன் பிறகு பழையபடி எழவில்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் பக்கத்து கிரெனடாவின் கரியாக்கூ தீவைச் சின்னாபின்னமாக்கியது.

ஏப்ரலில் ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ட்ரினிடாட்டே அந்த வாரம் டொபேகோவில்தான் இருக்கும், உள்நாட்டு விமானத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்றால் மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு போகலாம், ஈஸ்டருக்கு மறுநாளைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை புக்கூ கிராமத்தில் ஆட்டுப் பந்தயம் நடக்கும். ஆட்டின் மேல் யாரும் ஏறுவதில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜாக்கி பின்னாலேயே தலைதெறிக்க ஓட வேண்டும். நண்டுப் பந்தயமும் உண்டு. நண்டு எந்தப் பக்கம் போகும் என்பது நண்டுக்கே தெரியாது.

இன்னொன்று, கடற்பாசி. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கில் பெருகி, வருடத்தின் நடு மாதங்களில் கரீபியன் கரைகளில் மலை மாதிரி ஒதுங்குகிறது. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். அட்லாண்டிக் பார்த்த தெற்கு, கிழக்குக் கரைகளில்தான் தொல்லை அதிகம். வடக்குப் பக்கமாக வீடு பார்த்தால் பெரும்பாலும் தப்பலாம், முன்பதிவுக்கு முன் வாடகை வீட்டின் உரிமையாளரிடம் "இப்போது பாசி இருக்கிறதா, இன்று எடுத்த படம் அனுப்புங்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

திருச்சி வாசகர்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? டிக்கெட் எடுத்துவிட்டுக் கிளம்பலாமா?

சுற்றுலாவுக்கு ட்ரினிடாட் அண்ட் டொபேகோ இந்தியர்களை 90 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது, பார்படாஸும் அப்படியே. ஆனால் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதீர்கள், சிக்கல் போகும் இடத்தில் இல்லை, போகும் வழியில். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். கனடாவும் கேட்கும். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் டிரான்ஸிட் விதிகளைப் பார்க்க வேண்டும், ஹீத்ரோவில் இறங்கி இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் ஏறுவது போல டிக்கெட் இருந்தால் வெளியே வந்தே ஆக வேண்டும், அதற்கு வேறு விசா. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பெட்டியை எடுத்து மறுபடி போடவும் குடியேற்றத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். எந்த ஊரில் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் விதியைத் தூதரகத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள், டிராவல்ஸ்காரர் வாய்ச்சொல் போதாது.

இதைவிட முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இது. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் ட்ரினிடாட் இருக்கிறது. டொபேகோவுக்கு அந்த அபாயம் இல்லை என்றாலும் நீங்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வழியாகத்தானே திரும்புவீர்கள்? அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் ஊசி போட்டதற்கான சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். நிம்மதியாகக் கடற்கரையில் கிடந்துவிட்டு வந்து விமான நிலைய முகாமில் நாள் எண்ணுவது யாருக்கு வேண்டும்? ஊசி போட்டு பத்து நாள் கழித்தே அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில்தான், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. அறுபதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள், முட்டை அலர்ஜிக்காரர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். மாம்பலம் வாசகிக்கு ஒரு வார்த்தை: நீங்கள் திரும்பி மகள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊருக்கு வருவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வாசகி: நாங்கள் முட்டை கூடச் சாப்பிடாதவர்கள். பத்து நாள் பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் டொபேகோவில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழும் தீவு, மீனும் நண்டும்தான் பெருமை. ஸ்டோர் பேயில் வரிசையாக இருக்கும் பெண்களின் கடைகளில் நண்டும் டம்ப்ளிங்கும் வாங்குவதற்கென்றே ஜனங்கள் வருவார்கள், மசாலாத் தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கொதிக்கவைத்த தரை நண்டு, பக்கத்தில் தட்டையான மாவு உருண்டை, ஓட்டைக் கடித்து உறிஞ்சி உறிஞ்சி முழங்கை வரை குழம்பு வழியச் சாப்பிட வேண்டிய பதார்த்தம். சரி, அது உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு ட்ரினிடாட் இந்தியர்களின் சாப்பாடு கைகொடுக்கும், அது டொபேகோவிலும் கிடைக்கிறது. முதலில் டபுள்ஸ். மஞ்சள் சேர்த்த, பாரா என்ற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டு, அதன் மேல் கொண்டைக்கடலைக் குழம்பு, வெள்ளரிக்காய், புளிச் சட்னி, எல்லாவற்றையும் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். காலையிலேயே சாப்பிடுவது வழக்கம். கடைக்காரர் "பெப்பர்?" என்று கேட்பார். நாம் காரம் தின்று வளர்ந்தவர்கள்தானே என்று வீறாப்பாக "ஹெவி" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த மிளகாய் வேறு ஜாதி. "ஸ்லைட்" என்று தொடங்குங்கள். அப்புறம் பருப்பு வைத்த தால்புரி, கிழித்துப் போட்ட பரோட்டா, உருளைக்கிழங்கு, பூசணிக்காய்க் கறி, சுட்ட கத்தரிக்காயை மசித்த சோக்கா, ஃபுலோரி என்ற பருப்பு மாவு போண்டா. காலலூ என்று ஒன்று தருவார்கள், சேப்பங்கிழங்கு இலையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் வெந்தது, பார்த்தால் சைவம், உள்ளே நண்டோ உப்புக்கண்டமோ இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதையும் கேளுங்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுத்தால் பிரச்சினையே இல்லை. அரிசி, பருப்பு, தேங்காய், சீமைப்பலா, வாழைக்காய், மரவள்ளி, சேனை மாதிரிக் கிழங்குகள் எல்லாம் சந்தையில் கிடைக்கும். புளியோதரைப் பொடியும் பெருங்காயமும் இங்கிருந்து எடுத்துப் போங்கள். மிக்ஸியை எடுத்துப் போகாதீர்கள், அங்கே 115 வோல்ட்.

மதுரை வாசகர்: அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. கடலில் இறங்கலாமா?

இடம் பார்த்து இறங்கலாம். பிஜியன் பாயின்டும் ஸ்டோர் பேயும் உங்களுக்குச் சரி, பகலில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், மாலையில் கிளம்பிவிடுவார்கள், அவர்கள் போனதும் நீங்களும் கரையேறிவிடுங்கள். பிஜியன் பாயின்டுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, அதற்கேற்ற நிழல், கழிப்பறை, நாற்காலி எல்லாம் இருக்கும், பெரியவர்களுக்கு அது முக்கியம். அங்கிருந்து கண்ணாடித் தளம் போட்ட படகில் புக்கூ பவளப்பாறையைப் பார்த்துவிட்டு நைலான் பூல் என்ற இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். நடுக்கடலில் மணல் திட்டு, இடுப்பளவு தண்ணீர், அலை இல்லை, கீழே வெள்ளை மணல் தெரியும். ஏணி பிடித்து இறக்கிவிடுவார்கள், உங்கள் அப்பாகூட நிற்கலாம். அதில் முங்கினால் பத்து வயது குறையும் என்று படகுக்காரர் சொல்வார், எல்லாப் படகிலும் சொல்வார். பவளப்பாறை மேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள், ஒரு காலத்தில் பயணிகளை அதன் மேல் நடக்கவிட்டே பாழாக்கினார்கள்.

அட்லாண்டிக் பக்கத்துக் கரைகள் பார்க்க மட்டும், நீரோட்டம் இழுக்கும். மவுண்ட் இர்வின் கடற்கரை பனிக்கால மாதங்களில் சர்ஃபிங் பலகைக்காரர்களுக்கானது.

கரையில் கவனிக்க வேண்டிய ஒரு மரம் இருக்கிறது, மான்சினீல். சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய் மணலில் உதிர்ந்து கிடக்கும், வாசனையும் நன்றாக இருக்கும், குழந்தைகள் எடுத்துக் கடித்துவிட்டால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கக்கூடக் கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். சில இடங்களில் சிவப்பு வண்ணம் பூசியோ பலகை வைத்தோ எச்சரிப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. தங்கும் வீட்டில் முதல் நாளே "எது அந்த மரம், காட்டுங்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

டொரண்டோ வாசகர்: நாங்கள் குளிர்காலத்தில் டொமினிகன் குடியரசின் புன்டா கானாவில், தங்கலும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்கிய ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுக்குத்தான் போவோம். டொபேகோ அதைவிட மேலா?

உங்கள் பிள்ளைகள் சின்னவர்களா? அப்படியென்றால் புன்டா கானாவே போங்கள். நீச்சல் குளம், சறுக்கு, மூன்று வேளை பஃபே, எல்லாம் ஒரே மதிலுக்குள். டொபேகோவில் அந்த மாதிரி பெரிய ரிசார்ட் மிகக் குறைவு, சாப்பாட்டுக் கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், கடைக்காரர் தன் வேகத்தில்தான் வருவார். அதற்காகக் கோபப்படுகிறவருக்கு டொபேகோ சரிவராது. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு நீங்களும் வீட்டம்மாவும் மட்டும் போங்கள்.

புதுச்சேரி வாசகர்: கரீபியனில் தமிழர்கள் இருக்கிறார்களாமே, அவர்களையும் பார்த்துவிட்டு வரலாமா?

ட்ரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் 1845 மே 30 அன்று போய்ச் சேர்ந்தது, பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வடக்கத்தியர், சென்னையில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. உங்கள் ஊர்த் தொடர்பைத் தேடினால் குவாடலூப்புக்கும் மார்டினிக்குக்கும் போக வேண்டும். 1853, 54 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து அந்தப் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றினார்கள். குவாடலூப்பின் காபெஸ்டேரில் ஷாங்கி கோவில் இருக்கிறது, மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது, தமிழ் பேச்சில் போய்விட்டது. அது தனிப் பயணமாகப் போக வேண்டிய இடம், ஓய்வு விடுமுறையோடு சேர்க்காதீர்கள். விசாவும் தனி, ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது.

நெல்லை வாசகர்: சுறா, திருட்டு, துப்பாக்கி என்றெல்லாம் செய்தியில் வருகிறதே?

சுறா: 2024 ஏப்ரலில் கோர்லண்ட் பேயில் ஒரு பிரிட்டன் பயணியைக் கடித்தது உண்மை. டொபேகோவில் அபூர்வம் என்பதால்தான் அது உலகச் செய்தியானது. துப்பாக்கி: ட்ரினிடாட்டில் கும்பல் சண்டை முற்றி 2024 டிசம்பர் 30இல் அவசர நிலையே அறிவித்தார்கள். அதனால் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரவு ஊர் சுற்ற வேண்டாம், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போய்விடுங்கள், கிளம்பும் வாரத்தில் நிலவரத்தையும் பாருங்கள். டொபேகோ எவ்வளவோ அமைதி, ஆனாலும் ஒதுக்குப்புறத் தனி வீடு வேண்டாம், பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும்.

பெசன்ட் நகர் வாசகி: ஆமை பார்க்க முடியுமா?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை போனால் முடியும். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கே முட்டையிட வருவது லெதர்பேக் என்ற தோல்முதுகு ஆமை, நாலைந்து ஆள் எடைக்குக் குறையாது. இரவில் வழிகாட்டியோடு மட்டும் போங்கள், டார்ச், ஃபிளாஷ் கூடாது, குழி தோண்டும்போது எதிரே போய் நிற்கக் கூடாது. நடைக்குப் போவதற்கு முன் உடம்பெல்லாம் கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள், மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் சொறிவீர்கள்.

சேலம் வாசகர்: துணிமணி எதை எடுத்துப் போவது?

பருத்தி, தொப்பி, வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று. பட்டாளத்துக்காரர் போடும் பச்சைப் புள்ளி போட்ட கேமஃப்ளாஜ் துணி எதுவும் வேண்டாம், அங்கே பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம், பார்படாஸிலும் அப்படியே. பையனின் அரைக்கால் சட்டை, தோள்பை, தொப்பி எல்லாவற்றையும் பெட்டி கட்டும்போதே பார்த்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.